காலியான தட்டு

சாமை மூட்டையை எலி அண்டாமல் இருக்க கோபால்சாமி மூன்று பூனைகள் வளர்த்தார். சென்னையிலிருந்து மகள் அனுப்பும் காய்ந்த தீனிதான் அவற்றுக்குச் சாப்பாடு. அவற்றில் ஒரு பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவே, போளூர் கால்நடை டாக்டர் மூன்றையும் ஈரத் தீனிக்கு மாற்றச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக, தனித்தனித் தட்டில். அவ்வளவு பொறுமைக்கு கோபால்சாமி எங்கே போவார்? ஒரே நாளில் மாற்றினார், ஒரே தட்டில் கொட்டினார். தட்டு பளிச்சென்று காலியானது. டீக்கடையில் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டார்.

அந்த மாதக் கடைசியில் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை வந்தாள். அவள் கோழி இவர் களத்தில் சாமையைக் கொத்தியதற்காக, "சோத்துக்கு இல்லாத வூடு" என்று ஊர் கேட்க அவளை இவர் ஏசியிருந்தார். அவள் இடுப்பில் இவருடைய கிழட்டுப் பூனை, எலும்பும் தோலுமாக.

"இன்னாண்ணே, இதுக்குச் சோறு போட்றதில்லியா? தெனம் எங்க வூட்ல வந்து களி துன்னுது."

மற்ற இரண்டும் அதைத் தட்டருகே விடவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பாஞ்சாலை பூனையைக் கீழே விட்டாள். அது அவரை ஏறிட்டும் பார்க்காமல் அவள் பின்னாலேயே நடந்தது.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு அதைக் கூப்பிடுவார்?