ஒன்றேகால் அடி

ஒரு மனிதர் பக்கத்தில் நின்றால் பந்து கூடைக்குள் விழாது என்று நீங்கள் நம்புகிறீர்களா? இல்லை என்றால், துளசிங்கம் ஏன் இந்த மோட்டார் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குச் சொல்லுங்கள்.

வெளியே இருபது அடி தூரத்தில் கல்லூரி அணியின் கூடைப்பந்து ஆட்டம் நடக்கிறது. உள்ளே, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டின்னின் மேல், சுவரைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருக்கிறார். பார்க்கத்தான் தடை. கேட்கத் தடை இல்லை. 'டங்' என்று ஒரு சத்தம் வருகிறது. "வளையத்துக்குப் பின்னால அடிச்சிது. வந்தவன் போட்டது" என்கிறார். அடுத்து, வலை உரசும் சத்தம் மட்டும். "இது நம்ம பையன்." நான் வெளியே எட்டிப் பார்த்தேன். இரண்டும் சரி. நான் கல்லூரி ஆள் இல்லை, ஆட்டம் பார்க்க வருகிற உள்ளூர்க்காரன்.

துளசிங்கம் மார்க்கர். கல்லூரிகளில் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊழியருக்கு அதுதான் பெயர். கோடு போடுவது, வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது, ஆட்டத்துக்கு முன்னால் சிமெண்ட் தரையைப் பெருக்குவது எல்லாம் அவர் வேலை. நாற்பத்து மூன்று வயது. முடிச்சூரிலிருந்து சைக்கிளில் வருகிறார். ஒன்பது வருடமாகத் தினக்கூலி. நகக்கண்களில் எப்போதும் வெள்ளை எனாமல் இருக்கும். "சோத்துல பெயிண்ட் வாசன வருதுன்னு சொல்லி என் வூட்டுக்காரி கனகவல்லி தனியா தட்டு வச்சிக்கினா சார்" என்று சிரிப்பார். சட்டைப் பையில் ஒரு நூல்கண்டு. அதன் முனையில் இரும்பு நட்டு ஒன்று. அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. ஆடுகளத்தில் நடக்கும்போது கோட்டை மிதிக்க மாட்டார். ஒவ்வொரு கோட்டையும் கால் தூக்கித் தாண்டுவார். இதில் பக்தி எதுவும் இல்லை. "செருப்பு மண்ணு பட்டா கருத்துப் பூடும் சார், அவ்ளோதான்." ஆனால் ஒரே ஒரு கோட்டை மட்டும் வேண்டுமென்றே மிதித்துக்கொண்டு போவார். வளைவாக இருக்கும் அந்தக் கோடுதான் இந்த அணியின் இந்த வருடக் கதை.

கூடைப்பந்தில் இப்போது புதிய விதி ஒன்று வந்திருக்கிறது. அந்த வளைவுக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தால் இரண்டு புள்ளிக்குப் பதிலாக மூன்று. விதிப்புத்தகம் சொல்லும் கணக்கு இது: கூடை வளையத்தின் நடுவிலிருந்து தரைக்கு நேராக இறங்கினால் ஒரு இடம் கிடைக்கும், அந்த இடத்திலிருந்து ஆறேகால் மீட்டரில் கோடு. சென்ற 1987 ஜூலையில் அந்தக் கோட்டைப் போடச் சொன்னார் உடற்கல்வி இயக்குநர் பக்தவச்சலம். மாணவர்களுக்கு அவர் பி.டி. சார். வளையத்தின் பின்னால் இருக்கிற பலகைக்கு நேர் கீழே ஆணி அடித்துக் கயிற்றின் முனையைக் கட்டச் சொன்னார்.

"சார், போர்டாண்ட இல்ல சார். வளையத்துக்கு நடுவுல இருந்து" என்றார் துளசிங்கம். முந்தைய வருடம் எழும்பூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில், அங்கிருந்த மார்க்கர் நூலில் நட்டைக் கட்டி வளையத்திலிருந்து தொங்கவிட்டு அளந்ததைப் பார்த்திருந்தார். அதைப் பார்த்துத் தானும் கட்டிக்கொண்ட நட்டுதான் சட்டைப் பையில் இருப்பது.

"யோவ், எம்.பி.எட். படிச்சது நானா, நீயா?"

"நீங்கதான் சார்."

"அப்ப ஆணிய அடி."

அடித்தார். எனாமலில் கோடும் போட்டார். பலகைக்கும் வளையத்தின் நடுவுக்கும் இடையே முப்பத்தேழரை சென்டிமீட்டர். நேர் எதிரே நின்று எறிபவனுக்குக் கூடை ஒன்றேகால் அடி கிட்டத்தில். அந்தக் கோட்டில் நின்றுதான் நம் பையன்கள் ஐந்து மாதம் காலையும் மாலையும் கை பழகினார்கள்.

பலன் என்ன? சொந்த ஆடுகளத்தில் ஆறு ஆட்டம், ஆறும் வெற்றி. வெளியூர்க்காரன் சரியான தூரத்துக்குப் பழகிய கையோடு வந்து எறிந்தான். பந்து வளையத்தின் பின்பக்கம் இடித்துத் திரும்பியது. நம் பையன்கள் வெளியே போனபோது பந்து போய்ச் சேரவில்லை. ஐந்து ஆட்டம், நான்கில் தோல்வி.

சொந்த மைதானத்தில் ஆட்டம் என்றால் விருந்தினர்கள் வருவார்கள். நாற்காலி போட, டீ கொடுக்க துளசிங்கத்தை அனுப்பிவிடுவார்கள். அதனால் அந்த ஆறு வெற்றிகளையும் அவர் பார்த்ததே இல்லை. வெளியே போனால் பந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவரும் போவார். தோல்விகள் எல்லாம் அவர் கண் முன்னால் நடந்தன.

மூன்றாவது தோல்விக்குப் பிறகு, திரும்பி வரும் வேனில் பேச்சு ஆரம்பித்தது. "மச்சான், நோட் பண்ணியா? மார்க்கர் அண்ணன் வர்ற மேட்செல்லாம் அவுட்டு" என்றான் ஒருவன்.

"அப்ப அடுத்த மேட்ச்ல அவர எதிர் டீம் பெஞ்சுல உக்கார வச்சுடலாம்டா" என்றான் கேப்டன் ஜெபசீலன்.

துளசிங்கமும் விடவில்லை. "இன்னாத்துக்குப்பா வம்பு, நான் ரெண்டு பெஞ்சுக்கும் நடுவுல குந்திக்கிறேன். டிரா ஆவட்டும்." வேன் முழுவதும் சிரிப்பு.

அடுத்த ஆட்டத்தில் நிஜமாகவே அவரை எதிரணியின் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எதிரணிப் பையன்கள் பெரியவர் ஒருவர் வந்திருக்கிறார் என்று டீயும் மசால்வடையும் வாங்கிக் கொடுத்தார்கள். நம் அணி பதினோரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. "மேட்ச்சு போச்சு, வட நல்லா இருந்திச்சி" என்பார் துளசிங்கம்.

விளையாட்டாகச் சொன்னதை பி.டி. சார் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "பசங்க மனசுல ஒரு சங்கடம் இருக்குய்யா. நீ கொஞ்ச நாள் கண்ணுல படாம இரு" என்றார். அன்றிலிருந்து மோட்டார் அறை.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். தோற்ற ஆட்டங்களுக்கு பி.டி. சாரும் போனார். டிரைவர் போனார். வேனின் முகப்பில் கட்டிய எலுமிச்சம்பழமும் கேப்டன் கழுத்துச் சிலுவையும் ஒரு ஆட்டத்தைக்கூட விடவில்லை. இத்தனையையும் விட்டுவிட்டு, ராசியின்மை குறி தவறாமல் தினக்கூலிக்காரர் தலையில் மட்டும் இறங்கியது எப்படி? பல்லாவரம் பக்கம் நடந்த ஆட்டத்தில் வென்றார்களே, அன்றும் அவர் அங்கேதானே இருந்தார்? அதை யாரும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. இந்தக் கல்லூரியில் இயற்பியல் துறை இருக்கிறது. அதன் மாடி ஜன்னலைத் திறந்தால் இந்த ஆடுகளம் தெரியும்.

ஜனவரியில் அரையிறுதி, நகரத்தில். துளசிங்கத்தை விட்டுவிட்டுப் போனார்கள். நான் போயிருந்தேன். ஜெபசீலன் கோட்டுக்கு வெளியிலிருந்து ஏழு முறை எறிந்தான். ஏழும் வளையத்தின் முன்பக்கம் இடித்துக் கீழே விழுந்தன. ஐந்து புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. துளசிங்கம் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால், முடிச்சூரில் வீட்டுக் கூரைக்கு ஓலை மாற்றிக்கொண்டிருந்தார். இதோடு பேச்சு அடங்கும் என்று நினைத்தேன். பி.டி. சார் சொன்னார்: "பந்துக்கெல்லாம் காத்து அடிச்சது அவன்தானே?"

அந்த வாரமே நிர்வாகத்துக்குக் கடிதம் போனது. துளசிங்கம் மைதானப் பணிக்கு ஏற்றவர் அல்ல, விடுதிச் சமையல்கட்டுக்கு மாற்றலாம் என்று. பிப்ரவரி பத்தாம் தேதி நிர்வாகக் குழு கூடி முடிவு செய்கிறது.

அவர் வருத்தப்படுவது நான் நினைத்த இடத்தில் இல்லை. "வேல வேலதான் சார். பாத்திரம் கயுவுனா இன்னா கொறஞ்சா பூடுவேன்? ராசி இல்லாதவன்னு சொல்லிக்கினு போட்டும். ஆனா அந்தக் கோடு என் கையால போட்டது. தப்புன்னு தெரிஞ்சே போட்டேன். நான் பூட்டா அத்த யார் சார் அயிப்பாங்க? அடுத்த வருசம் வர்ற பசங்களும் அங்கதான நிப்பாங்க?"

போன ஞாயிறு காலை ஒரு டேப் வாங்கிக்கொண்டு போனேன். ஏணி போட்டு ஏறி, வளையத்தின் நடுவிலிருந்து நூலை இறக்கினார். நட்டு ஆடி ஆடி, மெதுவாக நின்றது. அது சுட்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தார். அங்கிருந்து கோடு வரை ஐந்து மீட்டர் எண்பத்தேழரை. சரியான இடத்தில் இன்னொரு வளைவைச் சாக்பீஸால் போட்டுக்கொண்டிருந்தபோது, தனியாகப் பயிற்சிக்கு ஜெபசீலன் வந்தான். இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தான். சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தான். முன் வளையம். மறுபடி எறிந்தான். மறுபடியும் முன் வளையம்.

"அண்ணா, சீசன் ஃபுல்லா இதுதானா?"

"இதாம்பா."

பந்தை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டான். "பி.டி. சார்கிட்ட நான் போய் எப்படிண்ணா சொல்றது? என் ஸ்போர்ட்ஸ் சர்டிபிகேட்ல அவர்தான் கையெழுத்துப் போடணும்."

போய்விட்டான். போகும்போது சாக்பீஸ் கோட்டை மிதிக்காமல் தாண்டிப் போனான். இருபது வயதுப் பையனைத் திட்டிப் பயனில்லை. அவனுக்கு முன்னால் போய் நிற்க வேண்டிய பெரியவர்கள் ஒருவரும் நிற்கவில்லை. நான் பி.டி. சாரைப் பார்த்தேன். "நீங்க இந்த காலேஜா? வெளி ஆளுக்கு இங்க என்ன வேலை?" என்று கதவைச் சாத்தினார். அன்று மாலையே சாக்பீஸ் கோட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லியிருக்கிறார். கழுவியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் அந்தக் கல்லூரியில் படித்தவராக இருக்கலாம். உங்கள் பிள்ளை அங்கே படிக்கலாம். நிர்வாகக் குழுவில் உங்களுக்குத் தெரிந்தவர் இருக்கலாம். இருந்தால் அவரையும் இழுத்துக்கொண்டு வாருங்கள். வருகிற ஞாயிறு, பிப்ரவரி ஏழு, காலை ஏழு மணி. பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில் இறங்கி மார்க்கர் துளசிங்கம் என்று கேட்டால் வழி சொல்வார்கள். அவரை நீங்கள் புகழ வேண்டாம், அவருக்காக இரக்கப்படவும் வேண்டாம். அளந்து பார்த்துவிட்டு, அளந்த கணக்கை உங்கள் கையெழுத்தோடு குழுவுக்கு எழுதுங்கள், போதும்.

வளையத்துக்கு நேர் கீழே குந்தி, டேப்பின் நுனியைக் கட்டை விரலால் தரையில் அழுத்தியபடி, மற்ற முனையை அவர் நீட்டிக்கொண்டிருப்பார். வந்து பிடியுங்கள்.