லிப்ட் மெக்கானிக்கும் புதிய பதிப்பும்

எங்கள் குடியிருப்பின் நான்காம் மாடியில் வசிக்கும் லிப்ட் மெக்கானிக், எந்த விதியையும் ‘ஏன்’ என்று கேட்காமல் விடுவதில்லை. பராமரிப்புக் கையேட்டில், ‘கூண்டின் கூரைமேல் வாளி வைக்கலாகாது’ என்று ஒரு வரி இருக்கிறதாம். “யாரோ வெச்சிருக்காரு. இல்லன்னா அந்த வரிக்கு அங்க என்ன வேலை?” என்பார். விதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது என்பது அவரது துணிபு.

ஞாயிறு பிற்பகல்களில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நால்வர் கூடுவோம். மெக்கானிக் கதை சொல்வார்: ஒரு குகை, ஒரு பாலம், பாலத்தடியில் பூதங்கள். மற்ற மூவரும் அக்கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நடமாடுவோம். நாங்கள் செய்ய நினைப்பது கைகூடுமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். திரைச்சீலை தைக்கும் அவர் மனைவி, கதையில் ஒரு சூனியக்கிழவி. மனைவியின் தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கதையில் இரும்புக் கவசம் பூண்ட வீரர். நான் வில்லாளி, பெரும்பாலும் குறி தவறும் வில்லாளி. பூதங்களுக்குப் பதிலாகத் தையல் டப்பாவின் பொத்தான்கள் நிற்கும்.

கிழவிதான் எங்கள் கூட்டத்தின் உயிர். அவள் பேசத் தொடங்கினால் அந்த அம்மையாரின் குரலே மாறிவிடும். கணவரைத் திட்டுவதற்குக்கூடச் சில நாள் கிழவியைத்தான் அழைப்பார்.

இவ்விளையாட்டின் விதிநூல் சென்ற ஆண்டு புதிய பதிப்பாக வெளிவந்தது. மெக்கானிக் பழையதையும் புதியதையும் அருகருகே விரித்து, வரிக்கு வரி ஒப்பிட்டார். முதலில் அவரை ஈர்த்தது கவச எண். பழைய பதிப்பில் எண் குறையக் குறையக் கவசம் வலிது. புதியதில் எண் கூடக் கூட வலிது.

“ரயில்ல முதல் வகுப்பு, ரெண்டாம் வகுப்பு மாதிரி நெனச்சிருப்பாங்க. ஒண்ணுதான் ஒசத்தி,” என்றார். “அப்புறம் எவனோ கூட்டல் கழித்தல்ல குழம்பிப்போய் மேஜையைத் தட்டியிருப்பான்.”

அடுத்தது சாவு. பழைய பதிப்பில் உயிர்ப்புள்ளி தீர்ந்த கணமே பாத்திரம் இறந்துவிடும். புதியதில் அது மயங்கி விழும். தன் முறை வரும்போதெல்லாம் பகடை உருட்ட வேண்டும். மூன்று முறை பிழைத்தால் உயிர்; மூன்று முறை தவறினால் சாவு.

“தவணை முறையில சாவா?” என்று சிரித்தார் மனைவி. “செத்தா செத்ததுதாங்க. இதென்ன கொஞ்சல்?”

“யாரோ அழுதிருக்காங்க. அழுதுட்டு எழுந்து போனவங்க திரும்ப வரல. அதான் மாத்திட்டாங்க.”

“அழறவங்க எதுக்கு விளையாட வரணும்?”

முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஒரே ஒரு பயணம் புதிய பதிப்பில். பிடிக்காவிட்டால் பழையதற்கே திரும்பலாம். ஆனால் பயணத்தில் நடந்தது நடந்ததுதான்; எவர் இறந்தாலும் இறந்ததே. பாத்திரங்களின் எண்களை அவரவரே புதிய முறைக்கு மாற்றிக்கொண்டு வருமாறு மெக்கானிக் சொல்லியனுப்பினார்.

பாலத்தடியில் சண்டை மூண்டது. பூதத்தின் பகடையை உருட்டி மெக்கானிக் எண்ணைச் சொல்வார். புதிய முறையில் அது கவச எண்ணை எட்டினால் அடி பட்டதாகும்; அதை அவரவரே ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

“ஒம்பது.”

“பட்டுடுச்சு மாமா,” என்றார் தம்பி.

“ஆறு.”

“அதுவும் பட்டுடுச்சு.”

“நாலு?”

“நாலும்தான்.”

மெக்கானிக் புருவத்தை உயர்த்தினார். அவர் முகத்தில் கவலையைவிட ஆர்வமே மிகுந்திருந்தது. “வீரனை இவ்வளவு பலவீனமாக்கியிருக்காங்களே. எதுக்கா இருக்கும்?” என்று நூலைப் புரட்டத் தொடங்கிவிட்டார்.

“நீங்க ஆராய்ச்சி பண்ணுங்க. என் தம்பி அங்க செத்துக்கிட்டிருக்கான்,” என்ற மனைவி, கிழவியைப் பூதங்களுக்கும் வீரருக்கும் நடுவே பாய்ச்சினார். கம்பளிப் போர்வையைத் தவிர அவளுக்குக் கவசம் ஏது? இரண்டே அடியில் உயிர்ப்புள்ளி தீர்ந்தது. பூதங்கள் விழுந்துகிடந்தவளை விட்டுவிட்டு மீண்டும் வீரர்பக்கம் திரும்பின.

மெக்கானிக் நூலிலிருந்து தலை நிமிர்த்தினார்.

“மச்சான், உன் கவச எண் என்ன?”

“ரெண்டு மாமா.”

“மாத்தலையா?”

“அதை எதுக்கு மாத்தணும்? அந்த ரெண்டை வாங்க எத்தனை குகை ஏறி எறங்கியிருக்கேன்!” என்றவர், தம் சொல் தம் காதில் விழுந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார். புதிய விதியை மனப்பாடமாக அறிந்திருந்தார். எண்ணை மட்டும் பழைய பெருமையிலேயே வைத்திருந்தார். முறைப்படி, இருபதிலிருந்து கழித்தால், அது பதினெட்டு. அன்று வீரர்மேல் பட்ட அடிகளில் ஒன்றுகூட உண்மையில் பட்டிருக்காது.

“டேய்,” என்றார் அக்கா. “பசங்களுக்கு கியர் மாத்தச் சொல்லிக் குடுக்கிறவனாடா நீ?”

“முதல்லேருந்து ஆடலாம்கா. தப்பு என்னோடது.”

“அழிச்சு எழுதறதில்லன்னு பேசியாச்சு,” என்று கூறிப் பகடையை எடுத்தார் அக்கா. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உருட்டவில்லை. தாம் எள்ளிய விதியைத் தவிரக் கிழவிக்கு வேறு வழியில்லை. பிறகு உருட்டினார். தவறு. பூதங்கள் வீரரை வளைத்தன. நான் எய்த அம்பு வழக்கம்போல ஆற்றில் விழுந்தது. அடுத்த முறையும் தவறு. இன்னும் ஒன்று தவறினால் கிழவி இல்லை.

தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். “மாமா, நான் சண்டையை விட்டுட்டு அக்காகிட்ட ஓடினா?”

“ஓடலாம். காயத்தைக் கட்டினா கிழவி பிழைச்சுடுவா. பகடை பத்தைத் தாண்டணும். ஆனா போற வழியில பூதம் உன்னை அடிக்கும்.”

“அடிக்கட்டும். இப்ப பதினெட்டு இருக்குல்ல!”

அடித்தது. பதினேழு. படவில்லை. தம்பி உருட்டிய பகடை மேசை விளிம்புவரை ஓடி, ஒரு துணித்துண்டில் முட்டி நின்றது. நால்வரும் ஒருசேரக் குனிந்தோம். பதின்மூன்று.

கிழவி பிழைத்தாள். அம்மையார் தம்பியின் தலையில் வலிக்கவே குட்டினார். பின் அவரது தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

மெக்கானிக் மூடிய நூலின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் நெனச்சது தப்பு,” என்றார் மெதுவாக. “விழுந்தவங்க அழுதாங்கன்னு மாத்தலை. பக்கத்துல இருந்தவங்களுக்கு ஓடிவர நேரம் வேணும்னு மாத்தியிருக்காங்க.”

“அதுவும் உங்க ஊகந்தானே?”

“ஊகந்தான்.”

“சரி, புதுசே இருக்கட்டும். இப்ப அந்தப் புத்தகத்தை இப்படிக் குடுங்க,” என்று கை நீட்டினார் மனைவி. “இன்னும் எதையெல்லாம் மாத்தி வெச்சிருக்காங்கன்னு நானே பார்க்கறேன். டேய், நீயும் வந்து உட்காரு. உன் கணக்கை இனி நான்தான் போடுவேன்.”