வயிறு காயாத மெஷின்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் பின்பக்க மூலையில், அந்தப் புல் மெஷின் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது. ஒரு சாயங்காலம் புல் வெட்டிவிட்டு வந்து அதை அங்கே சாய்த்து வைத்தவர் என் வீட்டுக்காரர். விடிவதற்குள் நெஞ்சுவலி. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு மெஷினை யாரும் தொடவில்லை.

அவருக்கு வேலை கொழுந்து லோரி ஓட்டுவது. மெஷின் பார்ப்பது வெறும் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வாசலில் சாக்கை விரித்து, யார் வீட்டுப் புல் மெஷினையோ, மருந்தடிக்கும் பம்பையோ குடல் குடலாகப் பிரித்துப் போடுவார். கழற்றிய திருகாணிகளை ஊறுகாய் போத்தல் மூடியில் ஏந்திக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார வேண்டும்.

"சட்டி கழுவுற பிரஷ்ஷயா எடுத்தீங்க? நல்லா இருக்கு உங்க நியாயம்!"

"கத்தாத லா. கார்பரேட்டரும் ஒரு சட்டிதானே."

மனுஷனுக்குக் கோபமே வராது. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

மெஷினைச் சும்மா போட்டால் உள்ளே நிற்கும் பெட்ரோல் பிசினாகிவிடும். அதனால் பெட்ரோல் குழாயை மூடி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுவார். "வயிறு காஞ்சாதான் நல்லா தூங்கும்" என்பார். மறுநாளே எடுப்பதாக இருந்தால் மட்டும் மூடமாட்டார்.

"அந்த மெஷின வித்துட்டு நாளைக்கே இங்க வந்துடுங்கம்மா" என்று கோலாலம்பூரிலிருந்து மகன் நேற்றுக் காலை போனில் சொன்னான். பக்கத்து வீடுகளில் இப்போது தோட்ட வேலைக்கு வந்த வங்காளதேசத்துப் பிள்ளைகள். சிரிப்பார்கள், பேச்சு ஓடாது. பனி இறங்கிவிட்டால் என் குரலை நானே கேட்க வேண்டும் போலிருக்கும். போவதற்குமுன் அந்தச் சத்தத்தையாவது ஒருமுறை கேட்டுவிடலாம் என்று போனை வைத்ததும் மெஷினை வாசலுக்கு இழுத்தேன். வயிறு காய்ந்த மெஷின், முதல் இழுப்பிலேயே பிடிக்கும் என்று நம்பிப் புதுப் பெட்ரோல் ஊற்றினேன். குழாயைத் திறக்கப் போனால், அது திறந்தே இருந்தது.

கார்பரேட்டரைக் கழற்றினேன். உள்ளே பச்சையாகப் பிசின். மறுநாள் எடுக்கத்தான் மனுஷன் நினைத்திருக்கிறார். அட பாவி மனுஷா, என்று வாய்விட்டு அழுதேன்.

பிறகு சட்டி கழுவும் பிரஷ்ஷையே எடுத்துத் தேய்த்தேன். திருகாணிகள் ஊறுகாய் மூடியில் இருந்தன; ஏந்திக்கொள்ளத்தான் ஆளில்லை. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போன நேரத்தில் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் வெளியே வந்து நின்றார்கள்.

இருட்டியதும் அணைத்து, அதே மூலையில் சாய்த்து வைத்தேன். மகனுக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு வர முடியாதுப்பா. புல்லு வெட்டணும்."

குழாயை நான் மூடவில்லை.