வெள்ளிக்கிழமைப் பட்டதாரி

மூன்று ஷிப்டில் வேலை பார்க்கிறவன் தனக்கு எந்தப் படிப்பில் ஆசை என்று யோசிப்பதில்லை. எந்தப் படிப்புக்குத் தன்னால் விழித்திருக்க முடியும் என்றுதான் யோசிப்பான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கும் வேலை எனக்கு. வீடு திருநின்றவூரில். மனைவி தவறிப்போன பிறகு வீட்டில் நானும் அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த மகள் கவிதாவும்தான். எனக்கு நைட் ஷிப்ட் வரும் வாரமெல்லாம் அவள் தனியாகப் படுப்பாள். ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் ஆகிவிட்டால் எப்போதும் பகல் வேலை. அதற்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும் என்றது கம்பெனி. என்னிடம் இருந்தவை பிளஸ் டூவும், பழைய பேப்பர் கடையில் வாங்கிப் படித்த புத்தகங்களும்தான். ஷிப்டுக்கும் புத்தகத்துக்கும் நடுவில் மாட்டியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நாம் உறவுக்காரர்கள்.

என்ன பாடம், என்ன கிழமை

ஆவடியில் ஒரு தொலைநிலைக் கல்வி மையம். எங்களுக்கு வார லீவு வெள்ளிக்கிழமை. கவுன்ட்டரில் இருந்த அம்மாள் பாடங்களைச் சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொன்றுக்கும் கிழமை கேட்டேன். வணிகவியல் ஞாயிறு. வரலாறு ஞாயிறு. நான் ஆசைப்பட்டுப் போன தமிழும் ஞாயிறு. உளவியல் மட்டும் வெள்ளி. அது என்ன படிப்பு என்றுகூடக் கேட்காமல், "அதையே போடுங்கம்மா" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சார், பல் பிடுங்க அப்பாயின்ட்மென்ட் கேக்கற மாதிரி கேக்கறீங்க. இது மூணு வருஷப் படிப்பு."

மனசுக்குள் என்ன?

வியாழன் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வெள்ளி காலை வகுப்பில் உட்கார்ந்தால், 'கவனம்' என்ற பாடத்திலேயே குறட்டை விட்டுவிடுவேன். ஆகவே பக்கத்து மெஷின் தேவராஜிடம் ஷிப்ட் மாற்றிக் கேட்பேன். இரண்டு பேரும் சம்மதித்தால் சூப்பர்வைசர் தடுக்க மாட்டார். தேவராஜ் சம்மதிப்பதுதான் கஷ்டம்.

"மன்சப் பத்திப் படிக்கிறவன் நீ. என் மன்சுல இன்னா கீதுன்னு சொல்லு, மாத்திக்கறேன்" என்றான்.

அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். "முடியாதுன்னு கீது" என்றேன்.

"பாஸாயிட்ட மாமே! முடியாது."

மதியப் பரீட்சை

கடைசி வருடம் இரண்டு விருப்பப் பாடங்களில் ஒன்றை எடுக்க வேண்டும். குழந்தை உளவியலுக்குப் பரீட்சை காலையில், புள்ளியியலுக்கு மதியம். நைட் ஷிப்ட் முடித்து நாலு மணி நேரம் தூங்கிவிட்டுப் போகலாமே என்று, கணக்கு வராத நான் புள்ளியியல் எடுத்தேன். தூக்கம் அருமையாக வந்தது. பாஸ் வரவில்லை. மறுபடி எழுதினேன், அதற்கும் மறுபடி எழுதினேன். இதற்குள் கல்லூரிக்குப் போய்விட்ட கவிதா என் மார்க்கைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"தூங்கறதுக்கு வசதி பாத்து சப்ஜெக்ட் எடுத்தியேப்பா, எழுதறதுக்கும் கொஞ்சம் பாத்திருக்கலாம்ல?"

நட்டுக்கு ஏது மனசு

ஒருவழியாகப் பட்டம் வந்தது. ஸ்டோர்ஸில் இடம் காலியாக அதற்குப் பிறகும் காத்திருந்தேன். நேர்காணலில் மேனேஜர் என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமாவது மெக்கானிக்கல் என்று இருக்காதா என்று தேடினார் போல. கடைசியில் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"ஏதாவது ஒரு டிகிரின்னுதான் ரூல், குடுத்துட்டேன். ஆனா அங்க இருக்கறதெல்லாம் நட்டும் போல்ட்டும் சார். அதுங்ககிட்ட மனசு கினசுன்னு பேசிக்கிட்டு உக்காராதீங்க."

பகல் ஷிப்ட்

ஸ்டோர்ஸில் முதல் நாள் முடிந்து, சூடான பக்கோடாவோடு விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்தேன். இனி எல்லா ராத்திரியும் வீட்டில்தான் என்ற மிதப்பு. கவிதா கழுத்தில் அடையாள அட்டையோடு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். கல்லூரி முடித்து அம்பத்தூரிலேயே ஒரு ஐடி கம்பெனியில் சேர்ந்திருந்தாள். பயிற்சி நடந்த வரை பகலில் போய்வந்தாள். அன்றிலிருந்து வெளிநாட்டு நேரம், அதாவது ராத்திரி வேலை. சொன்னால் என் முதல் நாள் கெட்டுவிடும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். தெருமுனையில் கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது. ஒரு பக்கோடாவை வாயில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

"ஹாட்பாக்ஸ்ல சப்பாத்தி இருக்கு. தனியா இருக்கோம்னு பயப்படாம தூங்குப்பா, ஏதாவதுன்னா போன் பண்ணு."

ஆக, ராத்திரி வீட்டில் இருக்க வேண்டும் என்று பட்டம் வாங்கினேன், வீட்டில்தான் இருக்கிறேன், தூக்கம் மட்டும் இன்னும் நைட் ஷிப்டிலேயே இருக்கிறது.