இருபத்தோரு படிகளும் ஓர் எம்.எல்.ஏ.வும்

தாணுமூர்த்தி அண்ணாச்சி இறந்துபோன செய்தியை எங்கள் ஊரில் முதலில் சொன்னவன் நான். அதனால் யாரும் நம்பவில்லை.

நம்பாததற்கு நியாயம் உண்டு. கணக்கு வாத்தியாருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டதென்று போன வருடம் நான் கிளப்பிவிட்டதில் வகுப்பே மிட்டாய் வாங்கிக் கொண்டாடியது. மறுநாள் வாத்தியார் வந்து, மீதி மிட்டாய் இருக்கிறதா என்று கேட்டார். அப்படிப்பட்ட வாய் என்னுடையது. பால் வாங்கப் போன இடத்தில், டீக்கடை டி.வி.யின் அடியில் ஓடிய வரியில், நெஞ்சுவலி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எங்கள் எம்.எல்.ஏ.வின் பெயரைப் பார்த்தேன். பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு மிலிட்டரி இசக்கி மாமா வீட்டுக்கு ஓடினேன்.

மாமா முகம் வழித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "போலே அங்கிட்டு. வெளையாடுததுக்கு வேற ஆளு கெடைக்கலியா ஒனக்கு?" என்றார். பிறகு கண்ணாடிக்குள் என் முகத்தைப் பார்த்தார். ஒரு கன்னத்தில் நுரையோடு எழுந்து, ஒற்றைக் காலில், சுவரைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார். இன்னொரு கால் எல்லையில் கண்ணிவெடியில் போனது. அதற்குப் பதிலாகப் பட்டாளம் கொடுத்த செயற்கைக் கால் கட்டிலுக்கடியில் கிடந்தது. அதை மாட்டக்கூட அவர் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

முன்னாள் படைவீரர் சங்கத்தார் அண்ணாச்சிக்கு நினைவு மலர் போடுகிறார்கள். ஈடு செய்ய முடியாத இழப்பு என்று எழுத ஊரில் பத்துப் பேர் இருக்கிறார்கள், நடந்ததை எழுத நீ ஒருத்தன்தான் இருக்கிறாய் என்று சொல்லி மாமா இந்தத் தாளை என்னிடம் தந்தார். அண்ணாச்சியைத் தெரிந்தவர்கள்தாம் இதைப் படிக்கப்போகிறீர்கள். நான் கூட்டிச் சொன்னால் பிடித்துவிடுவீர்கள். அதனால் இந்த ஒரு முறை உண்மையையே சொல்லிப் பார்க்கிறேன்.

என் குற்றத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அண்ணாச்சி புதிதாக ஜெயித்து, எங்கள் ஊர்ப் படித்துறைக்குக் குளிக்க வந்தார். தாமிரபரணிக்கு இறங்க அங்கே இருபத்தோரு கல்படிகள். வெள்ளை வேட்டியையும் சட்டையையும் மடித்துக் கல் மண்டபத்தில் வைத்துவிட்டு, துண்டோடு தண்ணீரில் இறங்கினார். நாங்கள் மூன்று பேர் அந்த வேட்டி சட்டையை எடுத்து அரசமரப் பொந்தில் வைத்தோம். ஏன் என்று கேட்காதீர்கள். ஒரு சட்டமன்ற உறுப்பினர் சட்டையில்லாமல் எப்படி இருப்பார் என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

உதவியாளர் கரையெல்லாம் தேடினார். அண்ணாச்சி மேலே வர வழியில்லாமல் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். எம்.எல்.ஏ. ஓட முடியாத நிலையில் இருக்கிறார் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து வந்து ரேஷன் கடை, தெருவிளக்கு, பஸ் நிற்காதது என்று சொல்லத் தொடங்கினார்கள். ஒரு மணி நேரம் கழித்து எனக்குப் பயம் வந்து, துணிகளைக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏலே, இன்னும் ஒரு அரைமணி நேரம் கழிச்சுக் கொண்டா. ரேஷன் கடை விசயம் இன்னும் முடியல" என்றார்.

அன்று பிறந்ததுதான் ஆற்று ஆபீஸ். மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை ஆறு மணிக்கு அவர் தண்ணீரில் இருப்பார். வேண்டியவர்கள் இறங்கி வந்து பேசலாம். சில நாள் அதிகாரிகளையும் குளிக்க அழைத்துவிடுவார். "கோப்பு நனைஞ்சா கிழிஞ்சுபோவும், ஆபீசர் நனைஞ்சா உண்மையச் சொல்லுவாரு" என்பது அவர் கண்ட தத்துவம். துண்டு கட்டியவரிடம் பேனா இருக்காது, போன் இருக்காது, அவசரக் கூட்டமும் இருக்காது. சங்கத்துப் பெரியவர்கள் பட்டாள ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு பஸ் மாறி அலைந்தது தீர்ந்து, தச்சநல்லூர் வழியாக நேர் பஸ் வந்தது இந்தத் தண்ணீரில்தான். போக்குவரத்து அதிகாரி தும்மிக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

அண்ணாச்சிக்கு நீச்சல் தெரியாது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. தண்ணீருக்குள் மூன்றாவது படியைத் தாண்டமாட்டார். கேட்டால், மக்கள் பிரதிநிதி கரையோடு தொடர்பில் இருக்க வேண்டும் என்பார்.

இப்படி ஒரு வருடம் போனது. அந்த ஒரு வருடமும் ஒவ்வொரு ஆபீஸ் நாளிலும் இசக்கி மாமா வந்து, முதல் படிக்கு மேலே, மண்டபத் தூணில் சாய்ந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போவார். வேடிக்கை பார்க்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆடி அமாவாசைக்குச் சில வாரம் முன்னால் ஒரு நாள், மேலேயே குளிக்கட்டும் என்று நான் அவருக்கு ஒரு வாளித் தண்ணீர் மொண்டு கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

மாமாவோடு ரோந்து போன இரண்டு பேர் அந்தக் கண்ணிவெடியில் இறந்துபோனார்கள். ஒருவர் வள்ளியூர் சேவியர், இன்னொருவர் பஞ்சாப் குர்மீத். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, எள்ளும் தண்ணீரும் விடப் பிள்ளைகள் இல்லை. மாமா வருடா வருடம் அவர்களுக்குத் தர்ப்பணம் கொடுப்பார். கோத்திரம் கேட்ட ஐயரிடம் ரெஜிமெண்ட் பெயரைச் சொல்லுவார். ஐயரும் முகம் மாறாமல் அதையே மந்திரத்தில் சேர்த்துவிடுவார். ஆனால் படியில் பாசி ஏறியதிலிருந்து செயற்கைக் கால் நிற்கவில்லை. மூன்று வருடமாக மேலேயே, வாளித் தண்ணீரில்தான்.

"வாளித் தண்ணி ஓடாதுலா" என்றார் மாமா. "நிக்குத தண்ணியில விட்டா, அவனுவளுக்கு எப்படிடே போய்ச் சேரும்?"

நாங்கள் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றேன். அவர் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. "என்னைய ஒரு தடவ தூக்கியாச்சு, ஸ்ட்ரெச்சர்ல. அது போதும். அவனுவளப் பாக்கப் போறப்ப நடந்துதான் போவேன்."

அடுத்த ஞாயிறு நான் தண்ணீரில் இறங்கி என் மனுவைச் சொன்னேன். என் வாயைப் பற்றித்தான் முன்பே சொன்னேனே. "அண்ணாச்சி, ஒங்க ஆபீசுக்கு இருவத்தோரு படி. ரெண்டு காலும் உள்ளவங்களுக்கு மட்டுந்தான் எம்.எல்.ஏ.வா நீங்க?"

சுற்றி நின்றவர்கள் என்னை முங்கடிக்கத் தயாரானார்கள். அண்ணாச்சி மேலே பார்த்தார். தூணோடு தூணாக மாமா நின்றுகொண்டிருந்தார். அண்ணாச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டார். வெட்கம் வந்தால் முகத்தை மூட அவருக்கு அந்த ஆறுதான் கிடைத்தது. வெளியே வந்து, சொட்டச் சொட்ட இருபத்தோரு படியும் ஏறி மாமாவின் முன்னால் நின்றார்.

"ஒரு வருசமா நிக்கீரு. ஒரு சத்தம் குடுத்திருக்கலாமேவே?"

"நீங்க ஒரு தடவ நிமிந்து பாத்திருக்கலாமே அண்ணாச்சி."

மாமா கேட்டது ஒரு கைப்பிடிக் கம்பி. மேல் படியிலிருந்து தண்ணீர் வரைக்கும், அவ்வளவுதான். அண்ணாச்சி அதை ஒரு வாரத்து வேலை என்று நினைத்தார். படி கோயிலுக்குச் சொந்தம், படி இறங்கும் தண்ணீர் ஆற்றைப் பார்க்கும் அலுவலகத்துக்குச் சொந்தம், படிக்கு வரும் பாதை பஞ்சாயத்துக்குச் சொந்தம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மூன்று அலுவலகமும் கம்பிக்கு எதிரியில்லை. மற்ற இருவரும் சம்மதித்தால் தாங்களும் சம்மதிப்பதாக மூவரும் எழுதியிருந்தார்கள். அண்ணாச்சி நேரில் போனால் ஒருவர் முகாமில் இருப்பார், ஒருவர் கூட்டத்தில் இருப்பார், ஒருவர் இப்போதுதான் கிளம்பிப் போயிருப்பார். கம்பி கேட்டால் கம்பி நீட்டுகிறார்கள் என்று நான் சொன்னதை அவர் சட்டமன்றத்தில் பேசப்போவதாகச் சொன்னார். பேசினாரா என்று தெரியாது.

ஆடி அமாவாசை வந்துவிட்டது, கம்பி வரவில்லை.

அன்று விடிகாலை அண்ணாச்சி மூன்று அதிகாரிகளையும் நீராட அழைத்திருந்தார். ஆடி அமாவாசைக்கு ஆற்றுக்கு வரமாட்டேன் என்று திருநெல்வேலிச் சீமையில் யாரும் சொல்ல முடியாது. துண்டும் திருநீறுமாக வந்து சேர்ந்தார்கள். சட்டை திருடிய எங்கள் மூவரையும் வரச் சொல்லியிருந்தார். மூன்று படிக்கு ஒருவராக எல்லாரையும் ஓரமாக நிறுத்தினார். மூன்று அதிகாரிகள், மூன்று திருடர்கள், ஓர் எம்.எல்.ஏ. துண்டில் யார் எந்த வகை என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதுவரை கம்பி நீட்டியவர்கள் அன்று கம்பியாகவே நின்றார்கள்.

மாமா மேலே வந்து நின்றார். வலது கையை முதல் தோளில் வைத்தார். அது ஆற்றைப் பார்க்கும் அலுவலகத்து இளம் பொறியாளரின் தோள். அவர் கால் நழுவி, சமாளித்து நின்று, "சார், பாசி வழுக்குது" என்றார்.

கீழேயிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது. "இப்பத்தான் தெரியுதோ?"

ஒவ்வொரு தோளாக மாமா இறங்கினார். என் தோளில் கை விழுந்தபோது எலும்பு நொறுங்கும் என்று நினைத்தேன். அந்த மனிதர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்பது அந்தக் கனத்தில்தான் தெரிந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசித் தோள் அண்ணாச்சியுடையது. மூன்றாவது படியைத் தாண்டாத அண்ணாச்சி, அன்று ஆறாவது படியில், நெஞ்சளவுத் தண்ணீரில், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். ஓடுகிற தண்ணீரில் மாமா இரண்டு பெயரையும் சொல்லி எள்ளை விட்டார். கரையில் அத்தனை கூட்டத்துக்கும் அண்ணாச்சியின் பல் தந்தியடிப்பது மட்டும் கேட்டது.

திரும்ப ஏறி வந்ததும் அதிகாரிகளிடம் அண்ணாச்சி சொன்னது ஒரே வரி. "கம்பி போடுத வரைக்கும், ஒவ்வொரு அமாவாசைக்கும் நீங்கதான் கம்பி."

அடுத்த அமாவாசைக்கு முன்னால் கம்பி வந்துவிட்டது. மூன்று அலுவலகமும் தாங்கள்தாம் போட்டதாக மூன்று பலகை வைத்தன. அண்ணாச்சி தன் பெயரில் பலகை வைக்கவில்லை. அவருக்கு வேறொன்று வந்துவிட்டது. அதன் பிறகு எப்போது தண்ணீரிலிருந்து தலை தூக்கினாலும், முகத்தைத் துடைப்பதற்கு முன்னால், மேலே பார்த்து, "மேல யாரும் நிக்காவளாலே?" என்று கேட்பார். மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டே கேட்பார். யாரும் இல்லையென்று ஆள் மேலே போய்ப் பார்த்துச் சொன்னால்தான் அடுத்த மனு.

அவர் போன பிறகு வந்த முதல் ஆபீஸ் ஞாயிறு, சொல்லி வைத்ததுபோல ஆறு மணிக்கு ஊர் கூடிவிட்டது. மனுவோடு வந்தவர்கள்கூட இருந்தார்கள். மாமா தனியாகக் கம்பியைப் பிடித்து இறங்கி, மூன்று பெயர் சொல்லித் தண்ணீர் விட்டார். மூன்றாவது பெயருக்கு ஐயர் எதுவும் கேட்கவில்லை.

அண்ணாச்சி என்னைத் திருத்தினார் என்று எழுதினால் என் கணக்கு வாத்தியார் சிரிப்பார். நான் திருந்தவில்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான், அதுவும் நான் கேட்டு வாங்கியதில்லை. அந்த ஞாயிறு நானும் முங்கி எழுந்தேன். கண்ணில் தண்ணீர், எந்தத் தண்ணீர் என்று விசாரிக்க வேண்டாம். என் வாய் தானாகவே, "மேல யாரும் நிக்காவளா?" என்றது.

நின்றுகொண்டிருந்தார். சாத்தான்குளத்துப் பக்கம் மாற்றலாகிப் போன அந்தப் பொறியாளர், முதல் பஸ் பிடித்து வந்து, பேண்ட் சட்டையோடு, தோளில் ஒரு துண்டோடு, இறங்கலாமா கூடாதா என்று தெரியாமல் தூணோரமாக நின்றுகொண்டிருந்தார்.

மாமா தண்ணீரிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"எறங்கி வாரும்வே. பைய, கம்பியப் பிடிச்சுக்கிட்டு."