மூன்றாம் பாட்டின் ஈற்றடி

அந்த மூன்று நடுவர்களையும் நான் இன்றளவும் மன்னிக்கவில்லை. நாள்தோறும் நீறணிந்து, என் பிழை பொறுத்தருள்க என்று இறைவனை இரந்து நிற்பவள் இப்படிச் சொல்லலாகாது, ஆயினும் சொல்கிறேன்.

நாடு விடுதலை பெற்ற புதிது. கடலோர ஊரான காஜா பெராங்கில் எங்களோடு வாழ்ந்த தாய்மாமன் குறுந்தூர நீச்சல் வீரர். விடியுமுன் என்னைச் சைக்கிளில் ஏற்றிக் கடற்கரைக்குச் செல்வார். பந்தய தூரத்தைக் கயிற்றால் அளந்து, இரு கழிகள் நட்டு, அவற்றினிடையே நீந்துவார். தீபாவளி முறுக்கைக்கூடத் தொடமாட்டார். நொடி காட்டும் கடிகாரம் வாங்க வழியில்லாததால் நானே கடிகாரமானேன். அப்பா கற்பித்த சிவபதிகத்தைத் தாளம் பிசகாமல் பாடுவேன். மூன்றாம் பாட்டின் கடைசிச் சீரில் மாமாவின் கை கழியைத் தொடும். ஓராண்டு உழைத்தும் அதற்கு ஒரு சீர் முன்னதாகத் தொட்டதில்லை.

"சாமி பாட்டக் கடிகாரமா ஆக்கிட்டியே, மச்சான்!" என்று அப்பா கடிந்துகொள்வார்.

"சாமி லேட்டாவே ஓடாது லா, அத்தான்" என்பார் மாமா.

நாட்டு அணிக்கான தெரிவுப் பந்தயம் ஒரு கிளப்பின் குளத்தில் நடந்தது. முதலில் வருபவருக்கு மட்டுமே இடம். மாமாவின் தடத்துக்கு நேர்மேலே கரையில் நின்று பாடினேன். ஈற்றடியில், கடைசிக்கு முந்தைய சீரிலேயே, அவர் விரல்கள் நீருக்கடியில் சுவரைத் தொட்டுவிட்டன. பக்கத்துத் தடத்துக்காரன் அதன் பின்னரே நீர் தெறிக்கச் சுவரை அறைந்தான். பந்தலடியில் எலுமிச்சைச் சாறு பருகிக்கொண்டிருந்த நடுவர்கள் தெறித்த நீரைக் கண்டார்கள், விரல்களைக் கண்டாரில்லை. அவனே முதல்வன் என்றார்கள். நேரமும் முதல்வனுக்கு மட்டுமே வாசிக்கப்பட்டது. மற்றவர்க்கு நேரம் குறிக்கும் வழக்கமே இல்லையாம்! என்ன நீதி இது?

"எங்க மாமாதான் மொதல்ல தொட்டாரு! நான் பாத்தேன்!" என்று கத்தினேன்.

மூவருள் ஒருவர் நம்மவர். "பாப்பாவுக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் குடுங்க லா" என்று சிரித்தார். மாமாவோ, வென்றவனின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் சைக்கிளை மிதித்தபடியே மாமா மெல்லக் கேட்டார்: "பாப்பா, எந்தச் சீர்ல தொட்டேன்?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கடைசிக்கு முந்தியா?"

"நான் பாடவே இல்ல, மாமா."

"சரி, விடு லா" என்றார்.

என் பாட்டைக் கேட்டும் வாளாவிருந்த இறைவனையும், கை குலுக்கிய மாமாவையும் ஒருசேரத் தண்டித்துவிட்டதாக அன்று இறுமாந்தேன். அவர் வாழ்நாளிலேயே மிக விரைவாக நீந்திய நாள் அது என்பதற்கு உலகில் என் நாவைத் தவிர வேறு சான்றில்லை என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.