தலையணை உறைக்குள் இருந்த டப்பா

என் அண்ணியை யாராவது "பாவம்" என்று சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். உச்சுக்கொட்டுவது சுலபம். முப்பத்தெட்டு டப்பாக்களையும் பேச்சுப் போன ஒரு மனிதரையும் சேர்த்துக் கட்டி மேய்த்துப் பார்த்தால் தெரியும்.

டப்பா என்று நாங்கள் சொல்வது, மருத்துவமனைப் பதிவுப் பிரிவில் எங்கள் மேசைகளில் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டரை. தடிப் புத்தகம் ஒன்றின் அளவுதான் இருக்கும். சொந்தச் சரக்கு எதுவும் கிடையாது. எல்லாம் மாடியில் இருக்கும் சர்வரிலிருந்து வரவேண்டும். ஆன் செய்ததும் எந்த சர்வரைத் தேடுவது, எத்தனை மணிக்கு எழுவது என்பது போன்ற நாலைந்து செட்டிங் மட்டும் அதன் அடிவயிற்றில் பதிந்திருக்கும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் அண்ணியின் வேலை. அவருக்கு முன்னால் பதினாறு வருஷம் அது என் அண்ணனின் வேலை.

ஒரு நாள் காலை முகம் மழித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் பேச்சும் போயின. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். வாயைத் திறந்தால் "சரி" என்ற ஒரே சொல்தான் வரும். பசிக்கும் "சரி", வலிக்கும் "சரி", வேண்டாம் என்பதற்கும் "சரி". தலையாட்டலையும் நம்ப முடியாது. ஆமாம் என்று ஆட்டிவிட்டு, இல்லை என்று இடது கையை உதறுவார்.

அவர் இடத்தில் அண்ணியைத் தற்காலிகமாக எடுத்தார்கள். துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவர், அண்ணன் எழுதிவைத்த நோட்டைப் பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டார். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், பையைக்கூட இறக்கிவைக்காமல் ஒப்பிப்பார்.

"ஏங்க, இன்னிக்கு ஏழாம் நம்பர் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிச்சு. கேபிளைப் பிடுங்கி மாட்டினேன், வழிக்கு வந்துருச்சு!"

அண்ணன் கண் விரியக் கேட்பார். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். வருஷம் முடிந்து, அண்ணியை நிரந்தரமாக்கும் ஃபைல் அதிகாரியின் மேசைக்குப் போயிருந்தது. அந்த ஒரு கையெழுத்துக்காக வீடே காத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து அதிகாரிக்கு ஒரு யோசனை உதித்தது. எல்லா டப்பாவும் காலை ஏழு மணிக்குத் தானாகவே ஆன் ஆகவேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். அண்ணனாக இருந்தால் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து கையால் மாற்றியிருப்பார். காப்பி அடிப்பது சோம்பேறி வேலை என்பது அவர் கட்சி. அண்ணிக்கு அவ்வளவு நேரம் கொடுக்கப்படவில்லை. ஒரு டப்பாவின் செட்டிங்கை அப்படியே பென்டிரைவில் எடுத்து மற்றவற்றில் இறக்கிவிடலாம் என்று கம்பெனி கொடுத்த புத்தகத்தில் படித்திருந்தார்.

எந்த டப்பாவிலிருந்து எடுப்பது? ஸ்டோர் ரூம் அலமாரியில் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுப் பழைய தலையணை உறைக்குள் போட்டு, "யாரும் தொடக் கூடாது" என்று அண்ணன் எழுதி ஒட்டியிருந்தார். அது காலை ஏழுக்குத் தானே எழும்படி செட் செய்யப்பட்டது என்று நோட்டிலும் இருந்தது. திருத்தவே வேண்டாம், அப்படியே எடுத்தால் போதும்.

"முதல்ல ஒண்ணுல மட்டும் போட்டுப் பாருங்க அண்ணி" என்றேன்.

"உங்கண்ணன் செஞ்சு வச்சதை நான் சோதிச்சுப் பாக்கணுமாக்கும்?" என்று என் வாயை அடைத்தார்.

வெள்ளி மாலை கவுண்டர் மூடியதும் ஆரம்பித்தார். பென்டிரைவைச் செருகுவது, ஒரு பட்டன், ஒரு 'பீப்', அணைப்பது, அடுத்த மேசை. ஒன்றையாவது மறுபடி ஆன் செய்து பார்க்கவில்லை. முப்பத்தெட்டாவது பீப்புக்கு அண்ணி கைதட்டினார். நானும் தட்டினேன், எனக்கென்ன தெரியும்.

சனிக்கிழமை டப்பாக்கள் சொன்னபடி ஏழு மணிக்கு எழுந்தன. எழுந்து, இரண்டு வருஷம் முன்பு தூக்கிப்போட்ட பழைய சர்வரைத் தேடிக்கொண்டு நின்றன. அண்ணன் என்றைக்கு உறைக்குள் போட்டாரோ அன்றைக்கு இருந்த செட்டிங் அது. முகவரியை மாற்றலாம் என்று உள்ளே போனால் பாஸ்வேர்டு கேட்டது. யாரும் தொடக் கூடாது என்று காகிதத்தில் எழுதி ஒட்டியவர், உள்ளேயும் பூட்டியிருக்கிறார். அந்தப் பூட்டும் காப்பியோடு சேர்ந்து முப்பத்தெட்டிலும் இறங்கிவிட்டது. நோட்டை முன்னும் பின்னும் புரட்டினோம். எல்லாம் எழுதியிருந்தார், அதை மட்டும் எழுதவில்லை.

வரிசை வாசலைத் தாண்டி வெளியே போயிருந்தது. நாங்கள் துண்டுச் சீட்டுகளில் நோயாளிகளின் பெயரை எழுதிக்கொண்டிருந்தோம். அதிகாரி வந்தார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"பாஸ்வேர்டு யார் வச்சது?"

"என் வீட்டுக்காரர் சார்."

"உயிரோடதானே இருக்காரு? கேட்டுட்டு வாங்க. திங்கக்கிழமை காலை வரைக்கும் டைம்."

பேச்சே போனவரிடம் எப்படிக் கேட்பது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது எனக்கு. அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினார்.

ஞாயிறு காலை அண்ணன் மடியில் ஒரு தலையணை, அதன்மேல் ஒரு கீபோர்டு. நடந்ததை அண்ணி சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது.

"நம்ம கல்யாணத் தேதியாங்க?"

"சரி."

"என் பேரா?"

"சரி."

"தங்கச்சி பேரா?" என்று என்னைக் காட்டினார்.

"சரி, சரி, சரி." இடது கையை உதறினார்.

பிறகு ஒற்றை விரலால் அழுத்தினார். ஆறு எழுத்து. அண்ணி அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். இருவரும் பஸ் பிடித்து மருத்துவமனைக்குப் போனோம். திறக்கவில்லை. திரும்பி வந்தோம். இந்த முறை வேறு ஆறு எழுத்து. மறுபடி பஸ், மறுபடி இல்லை. மூன்றாம் முறை அண்ணன் கீபோர்டையே வெகுநேரம் பார்த்தார். விரல் ஒரு எழுத்தின் மேல் போய் நின்றது, நகர்ந்தது, இன்னொன்றின் மேல் நின்றது. கீபோர்டைத் தள்ளிவிட்டு அழுதார். பேச்சோடு எழுத்தும் போய்விட்டது என்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அவருக்கும் அன்றுதான் தெரிந்ததோ என்னவோ.

திங்கள் காலை அண்ணியே டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினார். கம்பெனியில்தான் பூட்டைத் திறக்க முடியுமாம், மூன்று வாரம் ஆகுமாம். ஃபைல் கையெழுத்தில்லாமல் திரும்பியது. படித்த ஆள் ஒருவர் வருகிறார், நாளை முதல் நீங்கள் வரவேண்டாம் என்றார்கள். நான் அதிகாரியின் அறைக்குள் போய் நறுக்கென்று நாலு கேட்டேன். அவர் நிமிரவே இல்லை.

"நீங்களும் தற்காலிகம்தானே?" என்றார்.

வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். இன்று வரைக்கும் அது உறுத்துகிறது.

சாயங்காலம் அண்ணன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அண்ணி பையோடு நின்றபடியே ஆரம்பித்தார்.

"ஏங்க, திறந்துருச்சு! ரெண்டாவதா அடிச்சீங்களே, அதேதான். நான்தான் ஒரு எழுத்தைத் தப்பா எழுதிட்டுப் போயிருக்கேன். முப்பத்தெட்டும் ஓடுது."

அண்ணன் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு சிரித்தார். விழுந்த நாளுக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

"சரி" என்றார்.

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

செவ்வாய் காலை ஏழரைக்கு அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். அண்ணி சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு, போய்ட்டு வரேங்க என்று கிளம்பினார். வழக்கம்போல நானும் கூடவே பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். என் பஸ் வந்தது.

"நீங்க எங்க அண்ணி போவீங்க?"

"அஞ்சரை வரைக்கும் எங்கயாவது இருந்துட்டு வரேன். நீ ஏறு, வண்டி கெளம்புது."

ஏறிவிட்டேன். ஜன்னலோரம் ஓடி வந்தார்.

"எந்த டப்பா மக்கர் பண்ணுச்சுன்னு நீயே ஏதாவது ஒண்ணு யோசிச்சு வை. சாயங்காலம் அவர்கிட்ட சொல்லணும். எனக்கு இன்னிக்கு ஒண்ணும் தோணாது."